கருப்பை இறக்கமும் இடுப்புக் கயிறும்

கருப்பை இறக்கம் உள்ள பெண்ணுக்குக் காலையில் பொருந்திய உடை மாலையில் பொருந்துவதில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால், எந்த உடை தனக்கு ஒத்துவரும் என்பதை அவரே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்னெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தசைகள் விரிந்திருக்கின்றன. இவை இடுப்புத்தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் இவைதான் கீழிருந்து தாங்குகின்றன. பிரசவத்தின்போது இந்தத் தசைகள் நீள்கின்றன. சில சமயம் கிழிகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு மெலிகின்றன. நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்கும் வேலை எல்லாம் மேலிருந்து அழுத்துகின்றன. பிடிப்பு தளர்ந்ததும் மூன்று உறுப்புகளில் ஒன்றோ பலவோ யோனிப் பாதைக்குள் சரிகின்றன. பெண்கள் “அடி தள்ளுது”, “கர்ப்பப்பை இறங்கிடுச்சு” என்று சொல்வது இதைத்தான்.

இரவு படுத்திருக்கும்போது தசைகள் மீதான பாரம் குறைகிறது. அதனால் காலையில் தொந்தரவு தெரிவதில்லை. நிற்க நிற்க உறுப்புகள் இறங்குகின்றன. மாலையில் அடிவயிறு கனக்கிறது, ஏதோ பிதுங்குவது போல் இருக்கிறது. திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் நின்றபடியே அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போய், அங்கும் நின்று வேலை பார்த்துத் திரும்பும் பெண்ணுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆகவே உடை எடுப்பதானாலும் தைக்க அளவு கொடுப்பதானாலும் மாலை நேரமே சரி. போட்டுப் பார்க்கும்போது உட்கார வேண்டும், குனிய வேண்டும், ஒருமுறை இரும வேண்டும். உட்கார்ந்த நிலையில் இடுப்புப் பட்டிக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

இடுப்பைக் கயிறோ பெல்ட்டோ இறுக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. அதில் ஒரு பகுதி கீழ்நோக்கிப் போகிறது. பற்பசைக் குழாயை நடுவில் பிதுக்கினால் பசை வாய்ப்பக்கம் வருவதைப் போன்றது இது. இறுக்கமான உடைதான் இறக்கத்தை உண்டாக்குகிறது என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே இறங்கியிருப்பவருக்கு அது கனத்தைக் கூட்டும்.

நம் ஊரில் இந்த இறுக்கம் முதலில் வந்து நிற்பது உள்பாவாடையில். ஆறு கஜச் சேலையும் முன்கொசுவமும் ஒரு நாடாவை நம்பியே நிற்கின்றன. அது நழுவாமலிருக்க இறுக்கிக் கட்டுகிறோம். மெல்லிய நாடா ஒரே கோட்டில் அழுத்தும். ஆண்டுக்கணக்கில் அப்படி அழுத்தினால் தோல் கறுத்துப் புண்ணாகலாம். இடுப்பில் இறுக்கிக் கட்டிய உடையால் வந்த புண் ஆறாமல் தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி, அரிதான நிகழ்வுகளாக, 2024-இல் இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாடாவை எடுத்துவிட்டு அகலப் பட்டி வைத்துத் தைத்தால் அழுத்தம் பரவும். நாடாவே வேண்டுமென்றால் முடிச்சைப் பக்கவாட்டில் போடலாம். முந்தானையைத் தோளில் ஊக்கு குத்தினால் கொஞ்சம் பாரம் தோளுக்குப் போகும். கனத்த பட்டுச் சேலையைவிட மெல்லிய பருத்திச் சேலை நல்லது.

சுடிதாருக்கு நாடாவைவிடத் தளர்வான எலாஸ்டிக் மேல். சிறுநீரை அடக்க முடியாமல் அவசரமாக ஓடுகிறவருக்கு, சிக்கிக்கொண்ட முடிச்சு இன்னொரு துன்பம். ஜீன்ஸின் கவட்டைத் தையல் பிதுங்கிய இடத்தில் உரசும். வியர்வை சேர்ந்தால் புண்ணாகும். உள்ளாடை பருத்தியில், இடுப்பு வரை வருவதாக, நடுவில் தடித்த தையல் இல்லாததாக இருக்கட்டும். வீட்டில் நைட்டி போடுவதில் தவறே இல்லை.

ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கவட்டைக்கு அடியிலிருந்து மேல்நோக்கித் தாங்கும் சிறப்பு உள்ளாடைகள் சிலருக்கு ஆறுதல் தருகின்றன. வயிற்றைத் தட்டையாகக் காட்டும் ஷேப்வேர் செய்வது இதற்கு நேர்மாறான வேலை. இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கலாம்.

உடை நோயைக் குணப்படுத்தாது. தொடக்க நிலையில் இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சி உதவும். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் எழுதிப் பரவலாக்கிய பயிற்சி அது. அடுத்தது பெசரி, உறுப்பைத் தாங்க யோனிக்குள் பொருத்தும் சிலிக்கோன் வளையம். தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திருநின்றவூரிலிருந்து அதே ரயில் பாதையில் சில நிறுத்தங்கள்தான். இரத்தம் கசிந்தாலோ, பிதுங்கிய பகுதி புண்ணானாலோ, சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ அன்றே போக வேண்டும்.

போகாமல் இருப்பதற்குக் கூச்சம் ஒரு காரணம். செங்கல்பட்டுப் பகுதியில் 1981 முதல் இயங்கும் ருவ்செக் என்ற கிராமப்புறப் பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவர்கள், இந்தப் பாதிப்புள்ள பெண்களின் அனுபவங்களைக் கேட்டு 1999-இல் வெளியிட்டார்கள். பல ஆண்டுகள் சிகிச்சையே இல்லாமல் பாரம் சுமந்துகொண்டிருந்த பெண்கள் அதில் பேசியிருக்கிறார்கள்.

உடையோடு உட்கார இடமும் வேண்டும். நின்று வேலை செய்வோருக்கு இடையிடையே உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடைப் பணியாளர்களுக்குத் தமிழ்நாடு 2021-இல் அதே உரிமையைச் சட்டமாக்கியது. சீருடை தைத்துக் கொடுக்கும் நிர்வாகங்கள் இருக்கையோடு இன்னொன்றையும் செய்யலாம்: எலாஸ்டிக் இடுப்புள்ள ஓர் அளவையும் சேர்த்துத் தைத்து வையுங்கள், கேட்கிற பெண்ணிடம் காரணம் கேட்காமல் கொடுங்கள்.