புது வீடு வரும்வரை பழைய லயம் இடிந்து விழட்டுமா?

லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று தோட்ட அலுவலகத்தில் போய்ச் சொன்னால் பல தோட்டங்களில் ஒரே பதில்தான்: "புது வீட்டுத் திட்டம் வருகிறதே, கொஞ்சம் பொறுங்கள்." நாம் பொறுத்துத்தான் இருக்கிறோம். மழையும் வெள்ளைக்காரன் காலத்துச் சுவரும் பொறுக்குமா?

காணி உரிமையும் தனி வீடும் எமது கோரிக்கை. அதிலிருந்து ஓர் அடியும் பின்வாங்க மாட்டோம். ஆனால் அந்தக் கோரிக்கையையே சாக்காக வைத்து, இன்று எமது பிள்ளைகள் படுத்துறங்கும் லயங்களைத் திருத்தாமல் விடுவதை ஏற்க முடியாது.

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. காணி அரசாங்கத்தினுடையது, குத்தகைக்கு எடுத்து நடத்துவது கம்பனி. கம்பனியிடம் கேட்டால் அரசாங்கத்தைக் காட்டுகிறது. அரசாங்கத்திடம் கேட்டால் கம்பனியைக் காட்டுகிறது. பொறுக்க முடியாமல் நாமே கடன்பட்டுத் தகரம் வாங்கி மாற்றப் போனால், "அனுமதி எடுத்தீர்களா?" என்று கேட்கிறார்கள். அனுமதி கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, திருத்திக் கொடுக்கும் கடமையும் அவர்களுக்கே உண்டு.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அதற்குப் பிறகும் எமது மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். வெறும் எச்சரிக்கை உயிரைக் காப்பாற்றாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மண்சரிவு மட்டுமா ஆபத்து? ஓர் அறைக்குப் போட்ட வயரைப் பிள்ளைகள் கல்யாணம் முடித்ததும் இழுத்து இழுத்து மூன்று அறைக்குக் கொடுக்கிறோம். வயர் சூடேறித் தீப்பிடித்தால், ஒரே கூரையின் கீழ் இருக்கும் லயம் முழுவதும் போய்விடும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்துக்கு முன்பு தோட்ட நிர்வாகம், தோட்டக் கமிட்டி, கிராம உத்தியோகத்தர் மூவரும் சேர்ந்து எல்லா லயங்களையும் பார்வையிட வேண்டும். கூரை, சுவர், வயரிங், பின்பக்க மண்மேடு, கான் என்று ஒவ்வொன்றையும் எழுதி, திருத்தும் திகதியையும் குறிக்க வேண்டும்.

எமது பக்கத்திலும் வேலை இருக்கிறது. முறைப்பாட்டை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிதமாகக் கொடுங்கள், திகதியும் கையொப்பமும் வாங்கிப் பிரதியைக் கமிட்டித் தலைவரிடம் வையுங்கள். நாளை ஒன்று நடந்தால் "எங்களுக்குத் தெரியாது" என்று எவரும் சொல்ல முடியாது. டிரிப் சுவிட்ச் இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். சுவிட்ச் விழாவிட்டால் அது பழுது. நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கிளம்பும் கலங்கல் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அறிவியுங்கள்.

புது வீடு எமது உரிமை. அதில் குடியேறும் நாள்வரை உயிரோடு இருப்பதும் எமது உரிமைதான்.