எண்ணெய்ப் பாடமும் நமது கள்ளமௌனமும்

உயர்தர மாணவருக்குப் புவியியல் படிப்பிக்கிறவன் பரீட்சைக்குத் தேவையானதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகவேண்டுமாம். எண்ணெய்ப் பாடத்தில் அரசியலைக் கலந்தால் பிள்ளைகளின் பெறுபேறு கெடுமாம். இலக்கியக் கூட்டமொன்றின் தேநீர் இடைவேளையில் நண்பரொருவர் எனக்குச் சொன்ன புத்திமதி இது. அவரும் ஆசிரியர்; கதைகளும் எழுதுகிறவர். அங்கே சிரித்துச் சமாளித்துவிட்டேன். இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரியூசன் குறிப்பில் எண்ணெய் எப்படி இருக்கிறது? உற்பத்தி நாடுகளின் பட்டியல், துறைமுகங்கள், சூழல் பாதிப்புகள் ஐந்து. கலகெதரப் பிள்ளை இதை மனப்பாடம் செய்கிறது. தன் உம்மா எட்டு வருசம் குவைத்தில் வீட்டுவேலை செய்து அனுப்பிய காசில் கட்டிய மண்டபத்தில் இருந்துகொண்டே மனப்பாடம் செய்கிறது. அந்த வீடும் எண்ணெயின் விளைவுதான் என்று குறிப்பில் இல்லை.

பக்கத்து ஊரான ஹத்தரலியத்தையில் பிறந்தவர் ரி.பி. இலங்கரத்ன. 'அம்ப யஹளுவோ' நாவலின் ஆசிரியராக நம் எழுத்தாளர்கள் அவரை அறிவார்கள். வர்த்தக அமைச்சராக இருந்து 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, 1962இல் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் சொத்துகளில் கைவைத்தவரும் அவரே. நட்டஈடு தீரவில்லை என்று சொல்லி 1963 பெப்ரவரியில் அமெரிக்கா நமக்கான உதவியை நிறுத்தியது. அந்த ஊர் பஸ்ஸில் ஏறி வரும் பிள்ளைகளுக்கே இது தெரியாது. நான் சொன்னபோது, "உண்மையா சேர்?" என்று கேட்டார்கள். பாவம், அவர்கள் பாடத்தில் டெக்சாஸ் இருக்கிறது.

1969இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம், மசகு எண்ணெய் வாங்க டொலரின்றி 2021 நவம்பரில் மூடப்பட்டது. 2022இல் பெற்றோல் வரிசைகளில் எத்தனை வாப்பாமார் இரவைக் கழித்தார்கள்! எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளையே மூடினோம். இதற்கிடையில், ஈரானிடம் முன்பு வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்பாடு செய்யப்பட்டது. அதாவது, கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடைதான் அந்தப் பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும். பொருளாதாரப் புவியியலுக்கு இதைவிட நல்ல வரைபடப் பயிற்சி எங்கே கிடைக்கும்? இதைச் சொன்னால் அரசியலா?

நீர் மாசடைதலுக்கு உதாரணம் தேடி நைஜர் டெல்டா வரை போவது நல்லதே. சுன்னாகத்துக்கும் போகவேண்டும். மின்நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், நொதேர்ன் பவர் கம்பனி 20 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் எல்லாக் குறிப்புகளிலும் உண்டு. அந்தக் கல்லினூடே எண்ணெய் ஏன் இலகுவாக இறங்கும் என்பதைக் கேட்பாரில்லை.

நம்மவரிடம் இன்னொரு நோய். எண்ணெய் முஸ்லிம்களுக்கென்றே இறங்கிய பரக்கத் என்று பரிசளிப்பு மேடைகளில் முழங்குகிறார்கள். 1960இல் பக்தாதில் ஒபெக்கை அமைத்த ஐந்து நாடுகளில் வெனிசுவேலாவும் ஒன்று. நோர்வேயிலும் எண்ணெய் இருக்கிறது. பரக்கத்தை நான் மறுக்கவில்லை. அது இறங்கிய வீடுகளில் பாத்திரம் கழுவியது யார் என்றே கேட்கிறேன். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி 2005இல் மூதூரிலிருந்து சவூதிக்கு அனுப்பப்பட்ட றிஸானா நபீக்குக்கு 2013 ஜனவரியில் மரணதண்டனை நிறைவேற்றினார்கள். அப்போது நானும் ஒரு கவிதை எழுதினேன். கண்ணீர் நிறைய இருந்தது. ஓர் ஏழைப் பிள்ளையை அவ்வளவு தூரம் இழுத்துச்சென்ற பொருளாதாரம் அதில் ஒரு வரிகூட இல்லை. நண்பரின் வளைகுடாக் கதைகளும் விமான நிலையத்தில் தொடங்கி விமான நிலையத்தில்தான் முடிகின்றன.

ஆகவே இம்முறை பட்டியல் கொடுக்கவில்லை. வெற்று உலகப் படத்தைக் கொடுத்து, வீட்டிலிருந்து யார், எந்த வருசம், எங்கே போனார்கள் என்று கோடு போடச் சொன்னேன். விரும்பாதவர்கள் எழுதத் தேவையில்லை என்றும் சொன்னேன். மூன்று பேர் வெறுந்தாளைத் தந்தார்கள். ஒரு மகள் குவைத்திலிருந்து ஈராக்கினூடாக ஜோர்தான் வரை வளைத்துக் கோடிழுத்து, 1990 என்று எழுதியிருந்தாள். ஈராக் குவைத்தைப் பிடித்தபோது அவளது உம்மும்மா தப்பி வந்த பாதை. முதல்நாளிரவு அவரை எழுப்பி வைத்துக் கேட்டாளாம்.

அந்தத் தாளைக் கூட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். நண்பரிடம் காட்ட எடுப்பதற்குள் அடுத்த அமர்வு தொடங்கிவிட்டது.