புகைக்கு மார்க் பூஜ்யம்!

டிஜிட்டல் ஆரோக்கியம் என்ற முழக்கம் காதைத் துளைக்கிறது. 2021 செப்டம்பர் 27ந் தேதி மத்திய சர்க்கார் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தை நாடு முழுவதற்கும் அறிவித்தது. ஆளுக்கு 14 இலக்க எண். 70 கோடிக்கு மேல் கொடுத்துவிட்டோம் என்று மார் தட்டுகிறார்கள். எண் கொடுத்தீர்கள், சரி. நோய் என்ன ஆயிற்று?

கம்ப்யூட்டர் மீது நமக்குக் கோபம் இல்லை. சீட்டு தொலைந்துபோனதால் ஒரே எக்ஸ்ரேயை மூன்று தடவை எடுக்கும் அவதி ஏழைக்குத்தான் தெரியும். அதைத் தீர்க்க வரும் யந்திரத்தை இரு கை நீட்டி வரவேற்போம். நாம் கேட்பது வேறு. அதற்குள் எதைப் போடுகிறீர்கள்? அது சொல்லும் முடிவைச் சரிபார்த்தவர் யார்?

இந்தக் கேள்வியின் உறைப்பைத் திருவொற்றியூரில் நின்று பார்த்தால் உணரலாம். மேற்கே மணலி எண்ணெய் ஆலை. வடக்கே எண்ணூர் உர ஆலையும் அனல் மின் நிலையமும். தெற்கே துறைமுகம், அதை நோக்கி வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் வேளையில், எண்ணூர் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். 2024 அக்டோபர் 25ந் தேதி திருவொற்றியூரிலேயே ஒரு பள்ளியில் ஏதோ வாயு நெடியால் மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். அந்த நுரையீரல்கள் இன்று எப்படி இருக்கின்றன? 14 இலக்கத்தில் எந்த இலக்கத்தைத் தட்டினால் பதில் வரும்?

படிவத்தையே எடுத்துப் பார்ப்போம். தொற்றா நோய்களைக் கண்டுபிடிக்க மத்திய சர்க்கார் வகுத்திருக்கும் மதிப்பீட்டுப் படிவம் அது. 30 வயதைத் தாண்டியவர்களுக்காக, வீடு வீடாகப் போய் நிரப்பி, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியது. முதல் பகுதியில் ஆறு கேள்விகள்: வயது, புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் நோய். ஒவ்வொன்றுக்கும் மார்க் உண்டு. மொத்தம் 4க்கு மேல் போனால் பரிசோதனையில் முன்னுரிமை.

இப்போது மணலியில் காண்ட்ராக்டில் வேலை செய்யும் 35 வயதுத் தொழிலாளி ஒருவரை இந்தப் படிவத்தில் நிறுத்துங்கள். வயதுக்கு 1. பீடி இல்லை, சிகரெட் இல்லை: 0. குடி இல்லை: 0. தொப்பைக்கு வழியேது? 0. வாரத்துக்கு 150 நிமிஷம் உடலுழைப்பு உண்டா என்கிறது படிவம். மூட்டை தூக்குகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது! அதற்கும் 0. குடும்பத்தில் சர்க்கரை, இருதய நோய் இல்லை: 0. ஆக மொத்தம் 1. பத்து வருஷமாக அவர் சுவாசித்த புகைக்கு மார்க் பூஜ்யம்.

நிபுணர்கள் மறுப்பார்கள்: "அந்த மார்க் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும், புகைக்குத் தனிப் பகுதி இருக்கிறதே!" இருக்கிறது, ஐயா, நாமும் பார்த்தோம். மூன்றாவது பகுதியில், சமையல் எரிபொருளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. பயிர்த்தாள் கொளுத்துகிறவர், குப்பை எரிக்கிறவர், செங்கல் சூளையிலும் கண்ணாடி ஆலையிலும் புகை தூசியில் வேலை செய்கிறவர் எல்லோரும் ஒரே அடைப்புக்குள். எந்த ஆலை? எந்த ரசாயனம்? எத்தனை வருஷம்? கேள்வியே இல்லை. மார்க்கும் இல்லை. காற்று மாசு இருதயத்தையும் தாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லிவிட்ட பிறகு, "அது வேறு, இது வேறு" என்ற சமாதானம் எப்படிச் செல்லும்?

இந்தத் தாள்கள்தான் கோடிக்கணக்கில் சேர்ந்து நாளை "ஆராய்ச்சி" என்ற பெயரில் வரும். கேட்காத கேள்விக்குக் கம்ப்யூட்டர் பதில் சொல்லாது. பீடியும் சோம்பலும்தான் வடசென்னையின் நோய்க்குக் காரணம் என்று அது முடிவு கட்டினால், ஆலை முதலாளிக்கு அதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் கிடைக்குமா? தொழிலால் வரும் இன்ன இன்ன நோய்களைக் கண்டால் டாக்டர் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு எழுதியே ஆக வேண்டும் என்றது 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். காகிதக் காலத்துக்கு இருந்த புத்தி கம்ப்யூட்டர் காலத்துக்கு ஏன் இல்லை?

யந்திரங்களின் கதையும் இதுதான். சர்க்கரை நோயால் வரும் கண் கேட்டைப் படம் பார்த்தே சொல்லும் யந்திர அறிவை கூகுள் கம்பெனி 2016ல் வெளியிட்டது. மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டவை. ஏட்டில் பிரமாதமான வெற்றி! அதையே தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அறையில் வெளிச்சம் போதவில்லை, இண்டர்நெட் ஊர்ந்தது. ஐந்து படங்களில் ஒன்றுக்கு மேல் "தெளிவில்லை" என்று யந்திரம் தள்ளிவிட்டது. தள்ளப்பட்டவர் கூலியை இழந்து வேறு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதுதான். 2020ல் இதைக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள். அந்த நேர்மையை மெச்சுகிறோம். நம் சர்க்கார்கள் வாங்கிக் குவிக்கும் யந்திரங்களைப் பற்றி இப்படி ஓர் அறிக்கை வெளிவர வேண்டாமா?

விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியும் கறுப்பு விரலில் அதிகம் பிழை செய்கிறது. ஆபத்தான ஆக்ஸிஜன் குறைவு, வெள்ளையரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகக் கறுப்பரிடம் கவனத்துக்கு வராமல் போனது என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டியது. நம் தொழிலாளியின் விரல் என்ன நிறம்?

ஆகவே நாம் கோருவது இது: எந்தக் கருவியும் செயலியும் மக்களிடம் வருமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிச்சத்தில், நம் ஜனங்களின் உடம்பில் சோதிக்கப்பட வேண்டும். தோல்வியும் சேர்த்து முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். அம்மோனியா சுவாசித்த குப்பங்களை வருஷா வருஷம் பரிசோதித்து, கணக்கை அந்தக் குப்பத்து மக்கள் முன்னால் வைக்க வேண்டும். படிவத்தின் முதல் பகுதியில், மார்க்கோடு, இரண்டு கேள்விகள் சேர வேண்டும்: எந்த ஆலையில் வேலை? எத்தனை வருஷமாக?