பிரம்பா, தெரிவா?

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் விடுதிப் பள்ளிகள் பரீட்சை மார்க்குக்குப் பெயர் போனவை. அவற்றில் பலவற்றில் விடியற்காலை மணி முதல் இரவுப் படிப்பு வரை யாவும் பிறர் வகுத்தவையே.

மனக் கோளாற்றால் சீற்றமும் அச்சமும் அடங்காமையும் கொண்ட பிள்ளைகளும் பள்ளிகளில் உண்டு. அவர்களை முரடரென்று அடித்தோ, விலக்கியோ அடக்க முயல்வது அறியாமையேயாகும். எதிலும் தன் சொல் செல்லாத பிள்ளைக்கு, மறுப்பதொன்றே மிஞ்சிய சுதந்திரமாகிறது.

பரிகாரம் செலவற்றது. எக்கணக்கை முதலில் போடுவாய், எழுதுவாயா, வாயால் சொல்வாயா என்று கேட்டு, அவனையே தெரிந்தெடுக்கச் செய்வதுதான் அது. 1994-ல் அமெரிக்காவில் டன்லாப் முதலியோர் இத்தகைய சிறுவர் மூவரிடம் இம்முறையைச் சோதித்து, பாடத்தில் ஈடுபாடு பெருகிக் குழப்பம் குறைந்ததைக் கண்டனர்.

இது செல்லம் கொடுப்பதாகும் என்பார் சிலர். அன்று. பாடத்தைச் செய்தே தீரவேண்டும். வழி மட்டுமே அவனுடையது. காட்டப்படும் வழிகளோ உபாத்தியாயர் ஒப்பியவையே.

2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் அடியையும் மனத் துன்புறுத்தலையும் விலக்கியது. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்யுமாறு பார்க்கும் பொறுப்பை, 2016-ம் வருஷ மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் சர்க்கார் மீது சுமத்தியது. 2017-ல் பரீட்சை ராங்க் அறிவிப்பைச் சர்க்கார் நிறுத்தியது நன்றே. அது மட்டும் போதாது. உபாத்தியாயர் பயிற்சியில் இம்முறை இடம்பெற வேண்டுமென வற்புறுத்துகிறோம். பொதுஜன ஊழியர்கள் பள்ளிதோறும் சென்று இதைக் கேட்பார்களாக! சுயராஜ்யம் கேட்டுப் பெற்ற தேசம், தன் பிள்ளைக்கு இரண்டிலொன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமையை மறுக்கலாமா?