பெயரும் வாய்பாடும்

மேனிலை இரண்டாமாண்டு வேதியியலில் அணைவுச் சேர்மங்கள் பற்றிய பகுதி ஒன்றுண்டு. சேர்மத்தின் முறைப்பெயரைத் தந்து வாய்பாடு எழுதச் சொல்வது அதில் வழக்கமான வினா. மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் தனிப்பயிற்சி நடத்துவார் சிலர், இது தமிழில் படிப்பார்க்குக் கைவராது என்று பெற்றோரை அச்சுறுத்துகின்றனர். ஆங்கிலம் நாவிற் புரளாதவன் வாய்பாட்டைத் தொடவும் இயலாதாம்!

நாம் வேதியியலார் அல்லேம். ஆயினும் பெயர் என்பது இலக்கணத்தின்பாற் பட்டது. அதனைப் பற்றிப் பேச நமக்கும் உரிமையுண்டு.

'பென்ட்டா அம்மீன் குளோரிடோ கோபால்ட்டு(3) குளோரைடு' என்னும் பெயரைப் பாருங்கள். (ஏட்டில் மூன்றை உரோம எண்ணால் எழுதுவர்.) இதன் முதற்கூறு ஒரு நெடுந்தொகையே. ஈனிகளாகிய அடைகளை முன்னே நிறுத்தித் தலைமைச் சொல்லாகிய மாழை பின்னே நிற்கிறது. 'செந்தாமரைப்பூ' என்பதில் பூ நிற்கும் இடமும் அதுதானே! வாய்பாட்டிலோ மாழையின் குறியீடு முன்னும் ஈனிகள் அதன் பின்னுமாகப் பகர அடைப்புக்குள் அமையும். அடைப்பின் வெளியே எத்தனை குளோரைடு? பெயர் அதனைச் சொல்லவில்லை. வேற்றுமையுருபு தொக்கு நிற்பதுபோல் அவ்வெண் தொக்கு நிற்கிறது. விரித்துக் காண்பது எளிது: கோபால்ட்டுக்கு நேர்சுமை மூன்று, அம்மீன் ஐந்தும் சுமையற்றவை, உள்ளிருக்கும் குளோரின் ஓர் எதிர்சுமை உடையது, எஞ்சும் நேர்சுமை இரண்டு. எனவே வெளியே குளோரைடு இரண்டு.

1893-இல் ஆல்பிரட்டு வெர்னர் கண்ட உண்மை இது. வெள்ளி நைத்திரேட்டை ஊற்றினால் இச்சேர்மத்தின் மூன்று குளோரினுள் வெளியிலுள்ள இரண்டே உடன் வீழ்படியும். அவர்க்கு முன்னிருந்தோர் இத்தகைய சேர்மங்களை மஞ்சள், ஊதா, பச்சை என நிறத்தால் பெயரிட்டு வழங்கினர். 1913-இல் அவர்க்கு நோபல் பரிசு கிட்டியது. தமிழில் 'கெமிஸ்தம்' வெளிவந்ததோ 1875-இல். வெர்னர் கோட்பாட்டுக்குப் பதினெட்டு ஆண்டு முன்னர்!

உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. ஈனிகளை ஆங்கில எழுத்துவரிசைப்படி அடுக்குக என்பது விதி. அவ்வரிசையில் அம்மீன் முன்னும் அக்குவா பின்னும் வரும். தமிழ் நெடுங்கணக்கிலோ ககரம் மகரத்துக்கு முந்தியது, அக்குவா முன்வந்துவிடும். தன் தாய்மொழியின் வரிசையை நம்பிய மாணவன் பெயரெழுதுகையில் பிழைபட்டவன் ஆகிறான். 'பெர்ரேட்டு' என்றால் இரும்பு என்பதையும் அவன் உருப்போட வேண்டும். ஏட்டு என்னும் விகுதி எதிர்சுமை அணைவைக் குறிப்பது. அதனை 'இரும்பு' என்னும் சொல்லோடு சேர்த்தால் என்ன கெட்டுவிடும்? செருமானியர் பொட்டாசியத்தைக் காலியம் என்றும் சோடியத்தை நாட்ரியம் என்றும் தம் வழக்கிலேயே எழுதுகின்றனர். குறியீடு உலகப் பொது. பெயர் அவரவர் மொழிக்குரியது. அதனால் அவர்தம் வேதியியல் தாழ்ந்துபோயிற்றா?

இது வெறுஞ் சொல்லாய்வு அன்று. 2018-இல் மருத்துவ நுழைவுத்தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு எழுந்தது. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க உயர்நீதிமன்ற மதுரைக்கிளை ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. இழப்பு தமிழில் எழுதிய பிள்ளைகளுக்கே.

பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் தொடங்கிய அகரமுதலித் திட்டம் இன்று தனி இயக்ககமாய்ச் சென்னையில் இயங்குகிறது. அது வேதியியற் பேராசிரியர்களைக் கூட்டி, ஈனிகளுக்கும் எண்ணடைகளுக்கும் தமிழ்ப்பெயர் வரையறுக்கட்டும். அக்குவாவை 'நீர்' என்றெழுத இசைவு தரட்டும். தமிழ் விடைத்தாளில் நெடுங்கணக்கு வரிசையில் ஈனிகளை அடுக்கியவனுக்கும் முழு மதிப்பெண் உண்டென்று தேர்வுத்துறை வரும் கல்வியாண்டுக்குள் அறிவிக்கட்டும்.