பருவம் முழுதும் நின்றவர்

பருவம் என்பது இன்னதென்று புல்மோட்டைக் கடற்கரையில் வாழ்வோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மாரியும் வாடைக்காற்றும் அடங்கிக் கடல் அமைதியுறும் காலத்தே, மேற்குக் கரையிலிருந்தும் மீனவர் வந்து வாடி அமைப்பர். கரைவலைகள் நீரில் இறங்கும். முதல் நாள் வலை வெறுமையாக வந்ததென்று எந்தச் சம்மாட்டியும் வலையைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புவதில்லை. இன்று இல்லாதது நாளை வரும் என்பதும், கணக்கைப் பார்ப்பது பருவ முடிவிலேதான் என்பதும் அவர் கைகண்ட பாடம்.

கடற்றொழிலில் நாம் நன்கறிந்த இவ்வுண்மையைப் பிள்ளைகளின் கல்வியில் மட்டும் மறந்துவிடுகிறோம். இதுவே இவ்வாரம் நேயர்களிடம் நான் முறையிட விரும்புவது. அதனை ஒரு விளையாட்டணியின் கதையைக் கொண்டு கூறலாமென எண்ணுகிறேன். நம் கடல் அமைதியாயிருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில்தான் இந்தியாவின் ஐ.பி.எல். கிரிக்கெட் பருவமும் பெரும்பாலும் நடைபெறுகின்றது. மாலையானதும் பிள்ளைகள் தொலைக்காட்சியை விட்டு அகல மாட்டார்கள். "படிப்பைக் கெடுக்க வந்த சனியன்" என்று அதனை வையும் பெற்றோரும் இக்கதையைச் சற்றே செவிமடுப்பாராக.

சென்னை சுப்பர் கிங்ஸ் அணி 2008ஆம் ஆண்டு முதல் 2015 வரை எட்டுப் பருவங்கள் ஆடிற்று. எட்டிலும் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக நின்றது. 2010இலும் 2011இலும் வாகை சூடிற்று. இவ்வாறு புகழின் உச்சியில் இருந்த அணிக்கு 2015ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் பேரிடி விழுந்தது. அணியின் உயர்மட்டத்தைச் சேர்ந்த ஒருவர் ஆட்டங்களின்மீது பந்தயம் கட்டினார் என்பது விசாரணையில் தெளிந்தமையால், இந்திய உச்ச நீதிமன்றம் நியமித்த லோதா குழு அணியை ஈராண்டுகளுக்கு விலக்கி வைத்தது. பந்தயம் கட்டியவர் ஒருவர்; தண்டனையோ வெயிலில் நின்று ஆடியோர்க்கும், அவர்களை நேசித்தோர்க்கும் சேர்த்தே வந்தது. சூதின் இயல்பு அத்தகையது. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்ததும் காரணமின்றியன்று. கைத்தொலைபேசியிலேயே பந்தயம் கட்டலாம் என்று ஆசை காட்டும் இக்காலத்தில் மாணவர் இதனை மனத்தில் இருத்துதல் நன்று.

2018ஆம் ஆண்டு அணி திரும்பி வந்தது. அவ்வாண்டு ஜனவரியில் வீரர்களை ஏலத்தில் எடுத்து முடித்தபோது கேலிக் குரல்களே மிகுதியாக எழுந்தன. தலைவர் டோனிக்கு வயது 36. ஷேன் வொட்சனுக்கும் அதே வயது. ஹர்பஜன் சிங்குக்கு 37. இம்ரான் தாஹிருக்கு 38. இருபது ஓவர் ஆட்டம் இளைஞர்க்கே உரியதென்று கருதிய பலர், "அப்பாமார் படை" என்று நகையாடினர்.

ஏப்ரல் 7ஆம் நாள் மும்பையில் முதல் ஆட்டம். வெற்றிக்கு 166 ஓட்டங்கள் தேவை. எட்டு விக்கெட்டுகள் வீழ்ந்தபோது தோல்வி உறுதி என்றே யாவரும் எண்ணினர். டுவைன் பிராவோ 30 பந்துகளில் 68 ஓட்டங்கள் குவித்து நம்பிக்கையூட்டி, அவரும் ஆட்டமிழந்தார். அப்பொழுது, தொடைத் தசை பிடித்துக்கொண்டதால் இடையில் வெளியேறியிருந்த கேதார் ஜாதவ், நொண்டியவாறே மீண்டும் களம் புகுந்தார். இறுதி ஓவரில் ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்தார். ஒரு விக்கெட்டும் ஒரு பந்தும் மீதமிருக்க வெற்றி கிட்டிற்று. ஆனால் அந்தக் காயத்தினால் ஜாதவின் பருவம் அன்றே முடிந்துபோயிற்று.

மூன்று நாள் கழித்துச் சென்னைச் சேப்பாக்கத்தில் ஆடினர். கல்கத்தா அணி 202 ஓட்டங்கள் எடுத்தும், சென்னை அதனைத் துரத்தி வென்றது. எனினும் காவிரி நீருக்காகத் தமிழகம் கொந்தளித்துக்கொண்டிருந்த வேளை அது. மைதானத்துக்கு வெளியே போராட்டம் நடந்தது. உள்ளே காலணி எறியப்பட்டது. எஞ்சிய ஆறு உள்ளூர் ஆட்டங்களும் தொலைவிலுள்ள புனே நகருக்கு மாற்றப்பட்டன. ஈராண்டு காத்திருந்து வீடு திரும்பியவர்கள் ஒரே நாளில் மீண்டும் வெளியூரார் ஆயினர். ஆதரவாளர் பலர் தனி இரயிலில் புனே சென்று, ஏப்ரல் 20ஆம் நாள் நடந்த ஆட்டத்தில் தம் அணியை வாழ்த்தி நின்றனர். அன்று வொட்சன் சதமடித்தார்.

நேயர்கள் இவ்விடத்தில் ஒரு கணக்கைக் கருதிப் பார்க்க வேண்டும். முதற் சுற்றின் பதினான்கு ஆட்டங்களில் சென்னை வென்றவை ஒன்பது, தோற்றவை ஐந்து. ஐந்து முறை தலை குனிந்து வெளியேறிய அணிதான் அவ்வாண்டின் வாகையாளராயிற்று.

மே 22ஆம் நாள் ஹைதராபாத் அணியுடன் தகுதி ஆட்டம். வெற்றிக்கு வேண்டியன 140 ஓட்டங்களே; ஆயினும் ஒருபுறம் விக்கெட்டுகள் சரிந்தன. மறுபுறம் தளராது நின்று 67 ஓட்டங்கள் எடுத்து அணியைக் கரைசேர்த்தவர் டூ பிளெஸ்ஸி. இவர் அப்பருவத்தின் பெரும்பகுதியில் ஆட இடமின்றி வெளியே அமர்ந்திருந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். வாய்ப்பு வராத நாள்களில் அவர் பயிற்சியைக் கைவிட்டிருந்தால் அன்றைய முடிவு எவ்வாறிருந்திருக்கும்?

மே 27ஆம் நாள் இறுதியாட்டம். எதிரணி அதே ஹைதராபாத். எட்ட வேண்டியன 179 ஓட்டங்கள். தொடக்கத் துடுப்பாட்டக்காரராக வந்த வொட்சன் முதற் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. நூற்றிருபது பந்துகளே கொண்ட ஆட்டத்தில் பத்துப் பந்துகள் வீணாவது சிறு காரியமன்று. கிழவரை ஏன் அனுப்பினார்கள் என்று எத்தனை வீடுகளில் முணுமுணுத்திருப்பார்களோ! ஆனால் அவர் பதறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றவுமில்லை. பதினோராவது பந்தில் முதல் ஓட்டம் பிறந்தது. ஆட்டம் முடிந்தபோது 57 பந்துகளில் 117 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காது நின்றார். எட்டு விக்கெட்டுகளால் சென்னைக்கு வெற்றி. பத்தாவது பந்தோடு அவரை மதிப்பிட்டு முடித்தோர் யாவரும் தம் தீர்ப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இஃது ஒரு நாட்டில் மட்டும் நிகழ்ந்த அதிசயமோ என்றால், அன்று. அமெரிக்கர் காற்பந்தென்று சொல்லும் ஆட்டம் நாம் ஆடும் உதைபந்தாட்டத்தினின்றும் வேறுபட்டது; முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது. அதில் 1972ஆம் ஆண்டுப் பருவத்தில் மியாமி டொல்பின்ஸ் என்னும் அணி பதினேழு ஆட்டங்கள் ஆடிப் பதினேழிலும் வென்றது. சுப்பர் போல் எனப்படும் அவர்தம் இறுதியாட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, தோல்வியே காணாது பருவத்தை முடித்து வாகை சூடிய அணி அஃதொன்றே. முந்திய பருவத்தின் இறுதியாட்டத்தில் 24–3 என்று டல்லஸிடம் தோற்றதும் இவ்வணியே.

அந்தப் பருவத்தின் ஐந்தாவது ஆட்டத்தில் மியாமி அணியில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் பொப் கிரீஸி காலில் படுகாயமுற்றார். அவரிடத்துக்கு வந்தவர் ஏர்ள் மொரல், வயது 38. ஓய்வு பெறும் வயதினர் என்று கருதத்தக்க அம்மனிதர் ஆட்டத்துக்கு ஆட்டம் அணியை வெற்றியோடு நடத்திச் சென்றார். கிரீஸி குணமடைந்ததும் இறுதியாட்டத்தில் தம் இடத்துக்கு மீண்டார். முன்னவர் வீழ்ந்தபோது ஏற்கவும், அவர் எழுந்தபோது விட்டுக்கொடுக்கவும் ஆயத்தமாயிருந்த ஒருவரால் அப்பருவம் காக்கப்பட்டது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். க.பொ.த. பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாளில் பல இல்லங்களில் இழவு வீட்டின் அமைதியைக் காண்கிறோம். கணிதத்தில் ஒரு முறை தவறிய பையன் மறு மாதமே கடலுக்கோ கூலி வேலைக்கோ போகிறான். பெண் பிள்ளையாயின் "படித்தது போதும்" என்று புத்தகங்களைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். கடலுக்குப் போதல் இழிவன்று. அத்தொழிலால்தான் இவ்வூர் வாழ்கிறது. ஆனால் விரும்பிப் போதல் வேறு. ஒரு நாட் பெறுபேற்றால் துரத்தப்பட்டுப் போதல் வேறு. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்ற இடமுண்டு. தோற்றுதல் வேறு, தோற்றல் வேறு என்பதை நம் தமிழே பிரித்துக் காட்டுகிறது. நாமோ முதல் முறை தோற்றியதையே தோல்வியாகக் கொண்டு கதவைச் சாத்திவிடுகிறோம்.

பொறுமை என்பது சோம்பியிருத்தல் அன்று என்பதையும் மாணவர் உணர வேண்டும். டூ பிளெஸ்ஸியும் மொரலும் காத்திருந்த காலத்தில் உறங்கிக் கிடக்கவில்லை. பழம் பெருமையும் எவரையும் காப்பாற்றாது. அதே சென்னை அணி 2020இல் எட்டு அணிகளுள் ஏழாமிடத்துக்குத் தாழ்ந்தது. அடுத்த ஆண்டே வாகை சூடிற்று. 2023இல் ஐந்தாம் முறையும் வென்றது. 2025இல் பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றது. ஒவ்வொரு பருவமும் புதிதாக உழைப்பைக் கேட்கின்றது. சென்ற பருவத்தின் வெற்றியையோ தோல்வியையோ அது பொருட்படுத்துவதில்லை.

ஆகவே பெற்றோரே, அடுத்த முறை பெறுபேறு வரும் நாளில் அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளிகளைக் கேட்டு வராதீர்கள். பிள்ளைக்கு முதலில் வயிறாரச் சோறிடுங்கள். மறுநாள் அருகிலிருத்தி, எந்தப் பாடத்தில் எங்கே இடறிற்று என்று ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டு ஆராயுங்கள். பத்துப் பந்துகள் வீணாகியிருக்கலாம். பதினோராவது பந்தை எதிர்கொள்ளும்வரை பிள்ளையைக் களத்தில் நிற்க விடுங்கள்.