62 என்றால் மார்க் இல்லை, தாய்மார்களே!

எங்கள் எதிர்வீட்டுப் பையனுக்கு ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்க்கைக்குப் பரீட்சை வைத்தார்கள். ரிசல்ட் என்று கம்ப்யூட்டரில் அடித்த தாள் ஒன்று வந்தது. "அக்கா, இங்கிலீசுல 62, கணக்குல 48. பாதி கூட வாங்கலையேக்கா! இங்க 90க்குக் கொறஞ்சதே இல்லையே" என்று அவன் அம்மா அழாத குறை. அதற்குள் அப்பா பையன் முதுகில் ரெண்டு போட்டுவிட்டார். பள்ளி ஆபீசிலோ, "மார்க் கம்மிதான், நன்கொடை ஏதாவது பார்த்துப் பண்ணுங்க" என்று இழுத்தார்களாம்.

தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பெர்சன்டைல்' என்று இருந்தது. அது மார்க் இல்லை, வரிசையில் நிற்கும் இடம். பரீட்சை எழுதிய நூறு பேரை மார்க் வாரியாக நிறுத்தினால், 62 பேர் இவனுக்குச் சமமாகவோ பின்னாலோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். கணக்கில் 48 என்றால் கிட்டத்தட்ட நட்ட நடுவில் நிற்கிறான். நூற்றுக்கு எத்தனை வாங்கினான் என்று அந்தத் தாள் சொல்லவே இல்லை. 80 வாங்கியும் 48ல் நிற்கலாம், 30 வாங்கியும் நிற்கலாம்.

நம்ப முடியவில்லையா? நீட் தேர்வைப் பாருங்கள். பொதுப் பிரிவுக்குத் தகுதி 50 பெர்சன்டைல். 720க்கு 360 வாங்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 2023ல் அந்த 50 பெர்சன்டைலுக்கு உரிய மார்க் 137. 2024ல் 162, 2025ல் 144. பெர்சன்டைல் அதேதான், எழுதிய கூட்டமும் கேள்வித்தாளும் மாற மார்க் மாறிவிட்டது. 2023ல் மருத்துவ மேற்படிப்புக்கான நீட்டில் தகுதியைப் பூஜ்யம் பெர்சன்டைல் ஆக்கினார்களே, அதற்கு என்ன பொருள்? வரிசையின் கடைசி ஆளும் தகுதி பெற்றவர், மைனஸ் மார்க் வாங்கியிருந்தாலும் சரி! இதைப் பேப்பரில் படித்தும் பெர்சன்டைல் என்றால் என்ன என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்?

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, யாரோடு நிறுத்திப் பார்த்தார்கள் என்பதுதான். எங்க ஊர் தென்னந்தோப்புக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே காய், சிறுவெட்டுக் குவியலில் கிடந்தால் பெரிதாகத் தெரியும், பெருவெட்டுக் குவியலில் போட்டால் சின்னதாகத் தெரியும். காய் என்னவோ அதே காய்தான். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளையை, மூன்று வயதிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்த டவுன் பிள்ளைகளோடு, அதுவும் இங்கிலீஷிலேயே கணக்குக் கேட்டு நிறுத்தினால், 48 வந்ததற்குக் காரணம் கணக்கா, இங்கிலீஷா? பள்ளிக்காரர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் தனியார் பள்ளியில் சேர எஸ்.எஸ்.ஏ.டி. என்றொரு தேர்வு இருக்கிறது. அதே வகுப்புச் சேர்க்கைக்காகக் கடந்த மூன்று வருடங்களில் எழுதியவர்களோடு ஒப்பிட்டு பெர்சன்டைல் போடுகிறார்கள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற, வசதியான வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கூட்டத்தில் 50 வாங்கினால் சாதாரண பள்ளியில் முன்வரிசை. அங்கேயும் பெற்றோர் 50ஐப் பார்த்துப் பதறுகிறார்களாம், நம்மைப் போலத்தான்!

இன்னொன்று. வரிசையின் நடுவில்தான் நெரிசல். பெரும்பாலான பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்து மார்க்கில் நிற்பதால், ஒரு கேள்வி தப்பினாலே பல இடம் பின்னால் போய்விடும். அன்றைக்குத் தலைவலி, பென்சில் முனை உடைந்தது என்றால்கூடப் போதும். 48க்கும் 55க்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எண்ண வேண்டாம். இதனால்தானோ என்னவோ சில தாள்களில் 'ஸ்டேனைன்' என்று 1 முதல் 9 வரை போடுகிறார்கள். அதில் 5 என்றால் ஒன்பதுக்கு ஐந்துதானா என்று கேட்காதீர்கள். 40 முதல் 59 பெர்சன்டைல் வரை எல்லாமே 5தான், நடுத்தரம் என்று பொருள்.

இதெல்லாம் தாளைப் படிக்கிற வழி. இந்தத் தாளைக் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியுமா? 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 13ஆவது பிரிவு, பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டிச் சேர்க்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து 50,000 வரை. நன்கொடை கேட்டால் கேட்ட தொகையைப் போலப் பத்து மடங்கு வரை. எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளிக்கும் இது உண்டு. ஆனால் 2014ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஒன்பதாம் வகுப்புக்கும் பிளஸ் ஒன்னுக்கும் சட்டத்தில் இடமில்லை. எனவே அது எந்த வகைப் பள்ளி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்த்த பிறகு எங்கே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பார்க்கச் சோதனை வைத்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். வாசலில் நிறுத்தி விலை பேச அதை வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "மார்க் கம்மி" என்று சொன்னால், எத்தனை பேர் எழுதினார்கள், மொத்த மார்க்கில் என் பிள்ளைக்கு எத்தனை, எந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக நன்கொடைத் தொகை சொன்னால், அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள். அப்போது மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு, மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு நகல். தபால் செலவு நன்கொடையைவிடக் கம்மிதான்.

- ஒரு வாசகி, அய்யம்பாளையம்.